விரத உடம்பு

செவ்வாய்க்கிழமை காலை பஸ் வந்து நின்றபோது நிறுத்தத்தில் கோகிலவாணி மட்டும்தான் இருந்தாள். தோளில் துணிப்பை. அதற்குள் ஒரு போர்வை, ஒரு துண்டு, பிஸ்கட் பொட்டலம், அண்ணன் சென்றாயனின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள். கண்டக்டர் படியில் நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

“ஏனம்மிணி, நம்ம மெசின் மாப்பிள்ளையக் காணோம்?”

“வந்துருவாருங்க. செத்த நில்லுங்க.”

டிரைவர் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தார். அந்த ரூட்டில் இவர்களை எல்லோருக்கும் தெரியும். செவ்வாயும் வெள்ளியும் மலைமேல் தேவனூர் நாட்டிலிருந்து கீழே இறங்கி, சேந்தமங்கலத்தில் பஸ் மாறி, நாமக்கல் போய் டயாலிசிஸ் மெசினில் படுத்துவிட்டுத் திரும்ப மலையேறுகிற ஆள் சென்றாயன். கூடவே போகிற தங்கச்சி இவள். டிரைவர் ஹாரன் அடித்தார். இன்னொரு முறை அடித்தார். மேட்டிலிருந்து யாரும் இறங்கி வரவில்லை.

“நீங்க போங்க” என்றாள்.

பஸ் போனது. அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொஞ்ச காலமாகவே அவளுக்கு எதுவும் அந்தந்த நேரத்துக்கு வருவதில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் செத்துப்போனபோதுகூட, அவருடைய தண்ணீர் பாட்டிலை யாரிடம் கொடுப்பது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

வீட்டு வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன. உள்ளே சென்றாயன் தலை ஈரத்தோடு மஞ்சள் வேட்டி கட்டிப் பலகையில் உட்கார்ந்திருந்தான். வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கோத்த காப்புக் கயிறு. பூசாரி அப்போதுதான் கட்டி முடித்து விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊர்க்கவுண்டர் மாரப்பன் சுவரோரம் நின்றிருந்தார்.

“பஸ்சு போயிருச்சுண்ணா” என்றாள்.

“போவட்டும்.”

“இன்னைக்கு டயாலிசிஸ்.”

“இன்னைக்குக் காப்பு” என்றான் சென்றாயன். சத்தமாகச் சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்து அவன் முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

மாரியம்மன் நோன்புக்கு ஊற்றிலிருந்து பூக்கரகத்தைத் தலையில் சுமந்து கோயிலுக்குக் கொண்டு வருகிற முறை வகையறா வகையறாவாகச் சுற்றி வரும். இந்த வருசம் இவர்களுடையது. சென்றாயனால் முடியாது, பங்காளி தனபால் எடுத்துக்கொள்வான் என்றுதான் ஊரில் பேச்சு. முந்தின நாள் சாயங்காலம் சென்றாயனே மாரப்பன் வீட்டுக்கு நடந்து போய், “நாந்தான் எடுப்பேன்” என்று சொல்லியிருக்கிறான். கோகிலவாணி அப்போது கூட்டுறவு சங்க ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியும் இருக்காது.

காப்புக் கட்டியவன் அடுத்த செவ்வாய் கரகம் இறக்கும்வரை ஊர் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நோன்பு கெடும். அவனுக்கு மட்டுமில்லை, ஊருக்கே. ஒரு வேளைதான் உணவு, அதுவும் பாலும் பழமும். உப்பு கிடையாது, சோறு கிடையாது. மருந்து மாத்திரை கிடையாது.

ஒரு வாரம் முழுக்க மெசின் இல்லை. கோகிலவாணி பையைத் தோளிலிருந்து இறக்கி, போர்வையை எடுத்து மடித்து வைத்தாள்.

*

போன மாதம் நாமக்கல்லில் சென்றாயனின் நெஞ்சுக்கு எக்கோ எடுத்தார்கள். கிட்னிக்கு வந்த இடத்தில் நெஞ்சை எதற்குப் பார்க்கிறீர்கள் என்று இவள் கேட்டாள். டாக்டர் ரஞ்சிதா இவளைவிடச் சில வயதுதான் பெரியவராக இருப்பார். தூக்கம் இல்லாத கண்.

“எங்ககிட்ட வர்றவங்கள்ல நெறயப் பேரு கிட்னியால சாகறதில்லம்மா. ஹார்ட்டால சாகறாங்க.”

இப்படிச் சொல்கிற ஆளைக் கோகிலவாணிக்குப் பிடித்துப்போனது. அதுவரை எல்லோரும் ‘பாத்துக்கலாம்’ என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

“நாம சாப்பிடறத குடல்ல இருக்கற கிருமி உடைக்கும்போது சில கழிவு உண்டாகும்” என்றார் டாக்டர். “உனக்கும் எனக்கும் அது மூத்திரத்துல போயிடும். இவருக்குப் போகாது. மெசின் எடுக்கும். ஆனா எல்லாத்தையும் எடுக்காது. சிலது ரத்தத்துல இருக்கற புரதத்தை இறுக்கிப் புடிச்சுக்கும், பஸ்ல கம்பியப் புடிச்சுட்டு நிக்கறவன் மாதிரி. எறக்கவே முடியாது. அந்தக் கழிவுலயே ஊறி ஊறி ஹார்ட் தசை தடிக்குது. உள்ள தழும்பு விழுது. ரத்தக்குழாய் சுண்ணாம்பு படிஞ்ச பைப் மாதிரி வெறைக்குது. இதெல்லாம் வலிக்காது. மனுசன் நடந்துட்டே இருப்பான்.”

“மெசினுக்கு வராம இருந்தா?”

“வந்தாலே இப்படி. வராம இருந்தா நெஞ்சைச் சுத்தி இருக்கற உறை வீங்கும். அப்பறம் பொட்டாசியம். அது உக்காந்து அரிக்காது. ஏறுச்சுன்னா துடிப்பையே நிறுத்திரும். சொல்லிட்டும் நிறுத்தாது.”

பொட்டாசியம் கோகிலவாணிக்குத் தெரியும். கெமிஸ்ட்ரி லேபில் அதன் உப்பைக் கம்பியில் தொட்டுத் தீயில் காட்டினால் தீ இளம் ஊதாவாக எரியும். அவள் பி.எஸ்ஸி. படித்தபோது பார்த்ததிலேயே அழகான விஷயம் அதுதான். அது வாழைப்பழத்திலும் இளநீரிலும் பலாச்சுளையிலும் இருக்கிறது, அண்ணனின் நெஞ்சை நிறுத்தும் என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை.

*

வியாழக்கிழமை அவள் கோயிலடிக்குப் போனாள். பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள். மாரப்பன் ஒரு கட்டுக் கயிற்றின் மேல் உட்கார்ந்திருந்தார்.

“பெரியப்பா, நாளைக்கு ஒருநா மட்டும் அண்ணனைக் கீழ அனுப்புங்க. நானே கூட்டிட்டுப் போயிக் கூட்டியாந்து உட்டர்றேன்.”

“எல்லை தாண்டோணும்ல கண்ணு.”

“தாண்டித்தான் ஆவோணும். மெசின் நாமக்கல்லுல இருக்குது.”

“மெசின இங்க கூட்டியாரச் சொல்லு. மேளம் அடிச்சு அழைச்சுட்டு வாரோம்.”

மூங்கில் பிடித்திருந்தவர்கள் சிரித்தார்கள். தனபாலும் அங்கேதான் இருந்தான். அவன் சிரிக்கவில்லை, குழி தோண்டிக்கொண்டிருந்தான்.

“சிரிக்கறதுக்குச் சொல்லுலீங்க. ரத்தத்துல கழிவு ஏறிட்டு இருக்குது.”

“எங்கிருந்து ஏறும்?” மாரப்பன் நிஜமாகவே கேட்டார். “கறி திங்கறானா? புளி காரம் திங்கறானா? ரெண்டு நாளா பாலும் பழமும். வயித்துல ஒண்ணும் இல்லாதவன் ஒடம்புல என்ன அழுக்கு சேரும்? அந்த மெசின் என்ன பண்ணுது? ரத்தத்தச் சுத்தம் பண்ணுது. விரதமும் அதத்தான பண்ணுது? வெளக்குன சட்டிய எதுக்கு மறுக்கா வெளக்கறது? நீயே சொல்லு, காலேஜுப் புள்ள.”

நல்ல கேள்விதான். கல்லூரிக்குப் போகாமல் இருந்திருந்தால் அவளே அதைக் கேட்டிருப்பாள்.

“பட்டினி கெடந்தா ஒடம்பு தன்ற சதையவே தின்னும் பெரியப்பா. அப்பவும் கழிவு வரும். அவருக்குச் சோத்தவிடப் பழந்தான் ஆவாது. பழத்துல இருக்கறதுதான் நெஞ்ச நிறுத்தும்.”

“பழம் நெஞ்ச நிறுத்துமாமா!” என்றான் மூங்கில்காரன் ஒருவன். “அப்ப மலையில கொரங்கு ஒண்ணுகூட மிஞ்சியிருக்காதே அம்மிணி.”

இந்த முறை மாரப்பனும் சிரித்துவிட்டார். பிறகு குரலை இறக்கிக்கொண்டார். “சாமி, நான் வேண்டான்னு சொன்னேன் அவன்கிட்ட. முடியாதுப்பா, தனபால் எடுக்கட்டும்னேன். அழுதுட்டான். கட்டுனதுக்கு அப்பறம் அவுக்கறதுக்கு எனக்கு வழியில்ல. பங்காளி ஊட்டுல சாவு, இல்லீன்னா தீட்டு. ரெண்டுல ஒண்ணு நடந்தாத்தான் காப்பு கை மாறும். நல்ல நாள்ல அதயெல்லாம் பேசாத. ஊட்டுக்குப் போ.”

அவர் கெட்ட மனுசராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம். இவள் கல்லூரியில் சேரச் சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தவர் அவர். படிக்க அனுப்புவார்கள், படித்ததைத் திரும்பி வந்து சொன்னால் கேட்க மாட்டார்கள். ஊர் அப்படித்தான். கோகிலவாணி வீட்டுக்குப் போனாள்.

*

வெள்ளிக்கிழமை பஸ் வந்தது, போனது. காப்புக்காரனைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. மலைவாழைச் சீப்பு, இலையில் பலாச்சுளை, சுண்டக் காய்ச்சிய பால். சென்றாயன் ஒரு வேளைதான் சாப்பிட்டான். அந்த ஒரு வேளையில் அவனுக்கு ஆகாதது எல்லாமே இருந்தது.

சனிக்கிழமை ருக்குமணியின் தம்பி பேளுக்குறிச்சி சந்தையிலிருந்து இளநீர்க் குலை வாங்கி வந்தான். ருக்குமணி சென்றாயனின் மனைவி. கொண்டை ஊசி வளைவுகளில் அவளுக்கு வாந்தி நிற்காது என்பதால் டயாலிசிஸுக்கு நாத்தனார் கூடப் போவதாக முதல் வாரத்திலேயே முடிவாகிவிட்டது. அதனால் டாக்டர் சொல்வது எல்லாம் கோகிலவாணியின் காதில்தான் விழுந்தது. வீட்டுக்கு வந்து இவள் சொல்வதை ருக்குமணி அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொள்வாள். தன் புருசனைப் பற்றி இன்னொருத்தி சொல்லித் தெரிந்துகொள்வது யாருக்கும் பிடிக்காது.

இளநீரை அவள் சீவிக்கொண்டிருந்தபோது கோகிலவாணி அரிவாளின் மேல் கை வைத்தாள்.

“வேண்டாம் அண்ணி.”

“எளநி மூத்திரத்த நல்லாப் போக வெக்கும். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்.”

“கெட்டுப்போன கிட்னிக்குப் போகாது. உள்ளயே நிக்கும். நெஞ்சுக்குத்தான் போவும்.”

“நேத்துத் தெம்பா நடந்தாரு, பாத்தீல்ல? மெசினுக்குப் போயிட்டு வார அன்னைக்கு வந்ததும் கெழிஞ்ச துணியாட்டம் உழுவாரு. நாலு நாளா உழுவலயே. எது நல்லதுன்னு நானு எதப் பாத்துச் சொல்றது? நீ சொல்றதப் பாத்தா, என்ற கண்ணுல தெரியறதப் பாத்தா?”

கோகிலவாணி கையை எடுத்துக்கொண்டாள். மெசினில் படுத்தால் ஆள் தளருவான். படுக்காவிட்டால் சில நாள் தெம்பாகத் தெரிவான். கண்ணால் பார்த்தால் ருக்குமணி சொல்வதுதான் சரி. ருக்குமணி இளநீரைச் சொம்பில் ஊற்றி உள்ளே எடுத்துப் போனாள்.

திங்கட்கிழமை மதியம் சென்றாயன் தலையணையை மடியில் வைத்து அதன் மேல் குனிந்து உட்கார்ந்திருந்தான். விக்கல் எடுத்துக்கொண்டே இருந்தது. வாயில் மூத்திர வாடை.

“படுத்தாக் குத்துது. குனிஞ்சாச் செரியாவுது” என்றான்.

“நெஞ்சு உறை வீங்குனா அப்படித்தாண்ணா இருக்கும்.”

“காலு மரக்கட்டையாட்டம் இருக்குது.”

“பொட்டாசியம்.”

“உனக்கு எல்லாந் தெரியுது” என்றான். குத்திச் சொல்லவில்லை.

“உனக்கும் தெரியும். கூடவேதான கேட்ட எல்லாத்தையும். ஏண்ணா இப்படிப் பண்ற?”

அவன் விக்கலுக்கு நடுவே பேசினான். “ரெண்டு வருசமா என்னைய எவனாச்சும் ஒரு வேலைக்குக் கூப்புட்டானா? மெளகு பறிக்கறப்ப ஏணி புடிக்கக்கூடக் கூப்புடல. பாவம், உட்ருங்கறாங்க. எந்த ஊட்டுக்குப் போனாலும் எனக்குன்னு ஒரு நாற்காலி தூக்கிட்டு ஓடி வாரானுங்க. நாளைக்கு என்ற தலையில கரகம் இருக்கும். ஊரு பொறவால வரும். அதுக்கப்பறம் மெசின்ல எத்தன நாளு வேணும்னாலும் கெடக்கறேன்.”

“அதுக்கப்பறம்னு ஒண்ணு வேணுமில்ல.”

“நாளைக்குன்னு ஒண்ணு இருக்குதில்ல. போதும்.”

அவளிடம் பதில்கள் இருந்தன. எல்லாம் டாக்டர் ரஞ்சிதா சொன்னவை. அவன் சொன்னது அவனுடையது. அவள் போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கிற பாறைக்குப் போய், மறுநாள் காலை 108 வண்டியை எப்படிக் கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வரும் என்று விசாரித்துவிட்டு வந்தாள்.

*

செவ்வாய்க்கிழமை காலை ஊற்றடியில் ஊரே நின்றது. பூசாரி கரகக் குடத்துக்கு வேப்பிலையும் அரளியும் சுற்றிக்கொண்டிருந்தார். தண்ணீரில் முழுகி எழுந்த சென்றாயன் படியேறினான். இரண்டாவது படியில் கால் மடங்கியது. உட்கார்ந்தான். எழ முயன்றான். காலுக்குச் சொல்லியும் கால் கேட்கவில்லை. மேளம் நின்றது.

“அம்மன் எறங்குதப்பா” என்றது ஒரு குரல்.

“அம்மனும் இல்ல, ஆத்தாளும் இல்ல, நெஞ்சு நிக்குது” என்றாள் கோகிலவாணி.

108 வண்டி ஏற்கெனவே எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது. பொழுது விடிந்ததுமே அவள் கூப்பிட்டிருந்தாள். வண்டியோடு வந்த மருத்துவ உதவியாளர் ஆரோக்கியராஜ் பையைத் தூக்கிக்கொண்டு வரப்பு வழியாக ஓடி வந்தார். கீழ்நாட்டுக்காரர், யாரைத் தொடலாம், யாரைத் தொடக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சென்றாயனின் ஈர நெஞ்சைத் துடைத்து மூன்று ஈ.சி.ஜி. வில்லைகளை ஒட்டினார். சின்னத் திரையில் கோடு ஓடியது. மேடு மேடாக வர வேண்டிய கோடு, பாய் விரித்த மாதிரி அகலமாகி, ஒவ்வொன்றும் யோசித்து யோசித்து வந்தது.

“துடிப்பு ரொம்பக் கம்மியா இருக்குங்க. இப்பவே கெளம்பணும்.”

“கரகம் எறக்கி வெச்சுட்டு...” என்றான் சென்றாயன். சொல்லி முடிக்க மூச்சு இல்லை.

எல்லோரும் மாரப்பனைப் பார்த்தார்கள். மாரப்பன் பூசாரியைப் பார்த்தார். பூசாரி குடத்தைப் பார்த்தார். யாருக்கும் அவன் சாக வேண்டும் என்று இல்லை. ஆனால் காப்பை அவிழ் என்று சொல்கிற வாய் அங்கே யாருக்கும் இல்லை. சொல்கிறவன் தலையில் ஊரின் நோன்பு விழும்.

கோகிலவாணிக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. பயம்கூட இல்லை. வியாழக்கிழமை மாரப்பன் சொன்ன இரண்டு வழிகள் மட்டும் கடைப் பலகை எழுத்து மாதிரித் தெரிந்தன. சாவு, இல்லாவிட்டால் தீட்டு.

கல்லூரிக்குப் போனதிலிருந்து அவள் அந்த நாட்களில் ஒதுங்கி உட்காருவதில்லை. யாரிடமும் சொல்வதும் இல்லை. ஊரில் அதற்கு ஒரு முணுமுணுப்பு உண்டு. அந்த வழக்கத்தை மாதிரி அவள் வெறுத்தது வேறு ஒன்றும் கிடையாது.

“நான் ஊட்டுக்குத் தூரம்” என்றாள்.

சத்தமாகத்தான் சொன்னாள். ஆனாலும் மாரப்பன் கேட்டார். “என்னம்மிணி சொல்ற?”

“தூரமுங்க. முந்தாநாள்ல இருந்து. ஊட்டுக்குள்ளதான் இருந்தேன். அண்ணனுக்கு நாந்தான் பால் காச்சிக் குடுத்தேன். தொட்டேன்.”

பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்தது. ஒருத்தி கையில் இருந்த மஞ்சள் தண்ணீரைக் கீழே கொட்டினாள்.

“தெரிஞ்சேவா?” என்றார் பூசாரி.

“தெரிஞ்சேதான்.”

மாரப்பன் அவள் முகத்தையே பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. வியாழக்கிழமை தன் வாயால் சொன்னது அவருக்கு நினைவு இருந்திருக்கும். கூட்டத்தில் திரும்பினார்.

“ஏனாத்தா ருக்குமணி. ஒரே ஊட்டுல இருக்கற. நெசமா?”

கோகிலவாணிக்கு அந்த மாதம் எப்போது வந்து எப்போது போனது என்று ருக்குமணிக்குத் தெரியும். காப்புக் கட்டுவதற்கு முன்பே முடிந்துபோனது. இடுப்பு வலிக்கிறது என்று இவள் சுருண்டு கிடந்தபோது சுக்குத் தட்டிப் போட்டுத் தண்ணீர் வைத்துக் கொடுத்தவளே அவள்தான். ருக்குமணி தன் புருசனைப் பார்த்தாள். அவன் உதடு மண் நிறத்தில் இருந்தது. திரையில் ஓடிய கோட்டையும் பார்த்தாள். அவள் அப்படி ஒன்றைப் பார்ப்பது அதுதான் முதல் முறை.

“நெசந்தானுங்க” என்றாள் ருக்குமணி. “ஒதுங்கி இரு, ஒதுங்கி இருன்னு தலதலையா அடிச்சுக்கிட்டேன். படிச்ச திமிரு. எங்க கேக்குது?”

அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தெளித்துக் காப்பைத் தொடாமல் அரிவாள் நுனியால் அறுத்தார். தனபாலை ஊற்றுக்குள் இறக்கினார்கள். அவன் முகத்தில் சந்தோசமும் இல்லை, துக்கமும் இல்லை. திடீரென்று யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி விழித்துக்கொண்டு முழுகினான். சென்றாயன் அறுந்த கயிற்றைப் பார்த்தான். அப்புறம் தங்கையைப் பார்த்தான். அந்தப் பார்வை அவள் மேல் பட்டது அவளுக்குத் தெரிந்தது. எங்கே பட்டது என்று தெரியவில்லை.

தீட்டுப்பட்டவனை விரதக்காரர்கள் யாரும் தொட முடியாது. அந்த ஊரில் அன்றைக்கு எல்லோருமே விரதக்காரர்கள். அவள் எந்தச் சட்டத்தை இழுத்து வந்தாளோ அதே சட்டம்தான். வண்டி டிரைவர் ஸ்ட்ரெச்சர் கொண்டு வந்தார். ஒரு பக்கம் டிரைவரும் ஆரோக்கியராஜும், இன்னொரு பக்கம் கோகிலவாணியும் ருக்குமணியும் தூக்கினார்கள். வரப்பில் கால் வழுக்கியது. மாரப்பன் மட்டும் பத்தடி முன்னால் நடந்து, குறுக்கே கிடந்த முள்ளை இழுத்துப்போட்டு, பிள்ளைகளை விரட்டி வழிவிடச் செய்துகொண்டு வந்தார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லைக் கல்லருகே நின்றுவிட்டார்.

வழியில் மலை ஆஸ்பத்திரியில் நிறுத்தி நரம்பில் ஊசி போட்டார்கள். நெஞ்சைக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க வைக்கிற ஊசி. பொட்டாசியம் அப்படியேதான் இருக்கும் என்றார்கள். அதன் பிறகு வளைவுகள். ருக்குமணி வாந்தியை முந்தானையில் எடுத்தபடியே அவன் காலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஆரோக்கியராஜ் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு வளைவில் கோடு நீண்டுகொண்டே போனது. அவர் அவன் நெஞ்சில் ஓங்கித் தட்டி, “சென்றாயன், சென்றாயன், பேசுங்க” என்று கத்தினார். அடுத்த துடிப்பு வந்தது. கோகிலவாணி ஜன்னல் வழியே பார்த்தாள். கீழே சேந்தமங்கலம் வெயிலில் கிடந்தது.

*

நாமக்கல்லில் மெசினில் போட்ட பிறகு கோடு மெல்ல ஒல்லியானது. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று டாக்டர் ரஞ்சிதா கேட்டார். “நோன்பு” என்றாள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி அவள் காதில் மாட்டினார்.

“கேளு.”

துடிப்புக்கு மேலே இன்னொரு சத்தம் கேட்டது. புதுத் தோல் செருப்பு போட்டு ஒருவன் உள்ளே நடந்துகொண்டிருந்தான். கிறீச், கிறீச்.

“நெஞ்சு உறையோட ரெண்டு அடுக்கும் உரசுது. கழிவு தின்ன இடம். கொஞ்ச நாளைக்குத் தெனமும் மெசின் போட்டா இது அடங்கும். பொட்டாசியம் இன்னைக்கே எறங்கிரும்.”

“மத்தது?”

“தசைல விழுந்த தழும்பா? அது போகாது. போன மாசம் இருந்ததவிட இப்ப மோசமாத்தான் இருக்கும். எவ்ளோன்னு எக்கோ பாத்தாத் தெரியும்.”

“எவ்வளவு நாள் இருப்பாருங்க?”

“மெசினுக்கு ஒழுங்கா வந்தா இருப்பார். இன்னொரு தடவ இப்படின்னா இருக்க மாட்டார்.” டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ருக்குமணி வெளியே நடையில் தரையில் படுத்துத் தூங்கிவிட்டாள். கோகிலவாணி அண்ணனின் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அவன் ரத்தம் குழாயில் வெளியே போய் உள்ளே வந்துகொண்டிருந்தது. அவன் விழித்தபோது மெசினைத்தான் முதலில் பார்த்தான்.

“கரகம்?”

“தனபால் எடுத்துட்டான். நல்லபடியா எறங்குச்சாமா. போன் வந்துச்சு.”

கயிறு இல்லாத மணிக்கட்டைத் தடவினான். விக்கல் நின்றிருந்தது.

“கோகிலா.”

“ம்.”

“நெசமாத் தூரமா இருந்தியா?”

பொய் என்று சொல்லலாம். சொன்னால் அவன் மனசு ஆறும். தீட்டுப்பட்டவன் இல்லை என்று ஆகும். ஆனால் அவன் அதை உள்ளே வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. எழுந்து நடக்க முடிந்த அன்றைக்கே மாரப்பன் வாசலில் போய் நிற்பான். ருக்குமணியின் பொய்யும் சேர்ந்து வெளியே வரும். காப்பு கை மாறியது செல்லாது என்று ஊர் மறுபடியும் கட்டும். மறுபடியும் இவன் கையில்தான் கட்டும், இவனும் நீட்டுவான்.

“நெசந்தான்” என்றாள்.

“தெரிஞ்சே எனக்குப் பால் குடுத்த.”

“ஆமா.”

“எங்க வகையறாவுக்கு மறுக்கா மொற வாரதுக்கு எத்தன வருசம் ஆவும் தெரியுமா? அதுவரைக்கும் நானு இருப்பனா?”

சற்று முன்னால் கேட்ட கிறீச் சத்தம் அவள் காதிலேயே இருந்தது.

“இனி என்ற மொகத்துல முழிக்காத” என்றான் சென்றாயன்.

“செரி. மெசினுக்கு வார நாள்ல மட்டும் முழிக்கறேன்.”

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்புக்குச் சொல்லவில்லை. அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கோகிலவாணி கொஞ்ச நேரம் அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்திருந்தாள். பிறகு எழுந்து, நாளைக்கு எத்தனை மணிக்கு மெசின் காலியாகும் என்று கேட்கப் போனாள்.